கோணிய ஸ்டீரிங் சக்கரமும் குடியானவரின் பாரவண்டியும்

கிராமாந்தரங்களிலிருந்து காய்கறி மூட்டைகளையும் பால் கேன்களையும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளில் சில, நேர்ச்சாலையில் நேராகவே ஓடும்போதும் அவற்றின் ஸ்டீரிங் சக்கரம் மாத்திரம் ஒரு புறமாய்ச் சாய்ந்து நிற்பதைக் காணலாம். டிரைவரைக் கேட்டால், "அது அப்படித்தான், கை பழகிவிட்டது" என்பார். சொந்தக்காரரோ வண்டி ஓடுகிற வரையில் அதைப் பற்றி விசாரிப்பதேயில்லை. 2005-ம் வருஷத்தில் டாட்டா ஏஸ் வெளிவந்த பிற்பாடு, சந்தைக்குச் செல்லும் வேலையில் மாட்டுவண்டியின் ஸ்தானத்தைப் பல ஊர்களில் இத்தகைய சிறு பாரவண்டிகளே எடுத்துக்கொண்டன. ஆனால் நுகத்தடி ஒரு பக்கம் முந்தி நின்றால் அன்றைக்கே அவிழ்த்துக் கட்டிய குடியானவர், பல லக்ஷம் ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டியின் கோணலை வருஷக்கணக்காய்ப் பொறுத்துக்கொள்வது விந்தையே.

இக்குறையைக் காட்டிலும் இதற்குச் சில பட்டறைகளில் செய்யப்படும் சிகிச்சையே அதிகக் கண்டனத்துக்குரியது. ஸ்டீரிங் சக்கரத்தைக் கழற்றி, அதன் தண்டிலுள்ள பற்களில் ஒன்றிரண்டு தள்ளி மறுபடியும் மாட்டிவிடுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் கோணல் மறைந்துவிடுகிறது. கோணலுக்குக் காரணமானது மறைவதில்லை. பெட்டி வகை ஸ்டீரிங்கில் உட்பற்களின் ஆட்டம் நடுநிலையில்தான் மிகக் குறைவாயிருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். நடுவை விட்டு விலகிய நிலையிலேயே வண்டி நேராய் ஓடுமாயின், அந்த அமைப்பின் பயன் போய்விடுகிறது. ராக் வகையிலோ ஒரு புறத்துக்குத் திருப்பம் குறைந்துவிடும். நீலகிரியிலிருந்து காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வண்டிக்குக் கொண்டையூசி வளைவில் அந்தக் குறைவு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. காற்றுப்பை வைத்த வண்டிகளில் சக்கரத்தை அஜாக்கிரதையாய்க் கழற்றினால் அதனடியிலுள்ள சுருள் நாடாவும் அறுந்துபோகும்.

ஆகவே முதலில் குற்றம் எங்கேயென்று அறிய வேண்டும். சமதளத்தில் முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிச் சுற்றுக்களை எண்ணி, சரிபாதியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போது ஸ்டீரிங் நேராயிருந்து முன்சக்கரங்கள் ஒரு பக்கம் திரும்பி நின்றால் குற்றம் ராடுகளில் இருக்கிறது. சக்கரங்கள் நேராயிருந்து ஸ்டீரிங் கோணியிருந்தால், முன்பு யாரோ கழற்றித் தவறாய் மாட்டியதன் பலன் அது. அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் மேற்சொன்ன பட்டறைச் சிகிச்சை நியாயமானது.

இரண்டும் நேராயிருந்தும் ஓடும்போது கோணுமானால், பின் அச்சைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றிக் குழிகளில் இறங்கும் வண்டியில், வில்பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் முறிவதும், யூ போல்ட்டுகள் தளர்வதும் உண்டு. ஒரு புறத்தில் அச்சு சிறிது பின்வாங்கினாலும் வண்டி நாய் ஓடுவதுபோல் சாய்ந்தே ஓடும். முன்புறத்தை எத்தனை முறை திருகியும் இக்குறை தீராது. டயர்க் காற்று இருபுறமும் ஒத்திருக்கிறதா என்பதையும், சாலையின் சரிவையும் மறக்கலாகாது. நம் நாட்டில் இடப்புறமாய்ச் செல்வதால், ஓரத்தை நோக்கிச் சரிந்த சாலையில் டிரைவர் ஸ்டீரிங்கைச் சற்று வலப்புறம் பிடிப்பது சகஜம்.

ராடுகளில்தான் குற்றம் என்று கண்டால், முதலில் வளைந்த ராடையும் தேய்ந்த பந்து மூட்டையும் மாற்ற வேண்டும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்துவது உயிரோடு விளையாடுவதாகும். பிறகு, இரு பக்கமும் தனித்தனி ராடுள்ள வண்டியில் சாக்குக்கட்டியால் அடையாளமிட்டு, ஒன்றைக் கால் சுற்றுக் குறுக்கி மற்றொன்றை அதே அளவு நீட்டி, ஓட்டிப் பார்க்க வேண்டும். கோணல் கூடினால் எதிர்த்திசையில் திருகலாம். முழு அச்சுள்ள வண்டியில் பெட்டியிலிருந்து வரும் ராடில் திருகும் வசதியிருந்தால் அதை மாத்திரம் தொட்டால் போதும். லாக் நட்டை இறுக்காமல் வண்டியை எடுக்கலாகாது.

சமமாய்த் திருகியவரையில் முன்சக்கரங்களின் பரஸ்பர நேர்மை மாறாது. மாறினாலோ நஷ்டம் டயரில் விழும். 600 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தின் முன்விளிம்பு, ஓடும் திசையினின்றும் 3 மில்லிமீட்டர் விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 மீட்டர் வீதம் அது பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கப்படுகிறது. ஆதலால் கடைசியில் ஒரு முறை வீல் அலைன்மெண்ட் கருவியில் வைத்துப் பார்த்துக்கொள்வதே உசிதம். அதற்காகும் செலவு ஒரு டயரின் விலையில் சிறு பங்கே.

இக்கருவி பெரும்பாலும் நகரத்துக் கடைகளில்தான் இருக்கிறது. டிராக்டரும் நாற்று நடும் யந்திரமும் வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்கள், முன்சக்கர இடைவெளியை அளக்கும் சாதாரண அளவுகோல் ஒன்றையும், அதைக் கையாளத் தெரிந்த ஆள் ஒருவரையும் வைத்துக்கொண்டால், அறுவடைக்கு முன் அங்கத்தினரின் வண்டிகளை ஊரிலேயே பரீக்ஷித்துவிடலாம். விடியற்காலச் சந்தைக்காக நடுநிசியில் புறப்படும் டிரைவர், பெரும்பாலும் கூலிக்கு ஓட்டுபவர். கோணலைச் சீர்செய்யும்படி கேட்கவும் தயங்குபவர். அவர் கேட்கும் வரையில் சொந்தக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கொரு தரம் தாமே ஸ்டீரிங்கைப் பிடித்து அரை மைல் ஓட்டிப் பார்க்கலாம்.