ஐஸில் கிருமி சாவதில்லை

உறைந்த தண்ணீரில் கிருமி உயிர் வாழாது என்ற நம்பிக்கை சென்னையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோவில் இறங்கி வேலைக்குப் போகிறவர் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க மாட்டார். வண்டிக்கடைக் கரும்புச்சாற்றில் மிதக்கும் ஐஸைத் தயங்காமல் விழுங்குவார். ஆலங்கட்டி மழை பெய்தால், வானத்துத் தண்ணீர் சுத்தம் என்று பிள்ளைகளைப் பொறுக்கித் தின்ன விடுகிறார்கள். காற்றிலுள்ள தூசியையும் பாக்டீரியாவையும் கருவாகக் கொண்டே ஆலங்கட்டி உருவாகிறது. பிறகு தெருவில் விழுந்து கிடக்கிறது.

இந்த ஐஸ் மோகத்துக்கு வயது அதிகம். பாஸ்டன் பகுதி ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க, ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஏரி ஐஸ் தூயது என்றே அன்று உலகெங்கும் நம்பினார்கள். 1887இல் நியூயார்க் மருத்துவர் பிரடன் அந்த நம்பிக்கையை உடைத்தார்: டைஃபாய்டு கிருமி பனிக்கட்டிக்குள் 103 நாள் கழித்தும் உயிரோடிருந்தது. பெரும்பகுதி மடிந்தது உண்மைதான். மிஞ்சியது போதும், நோய் வர. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் குளிரைத் தாங்கும். ஆய்வுக்கூடங்களே கிருமிகளை உறையவைத்துத்தான் வருடக்கணக்கில் பாதுகாக்கின்றன.

தொழிற்சாலைப் பாளம் இன்னும் மோசம். மீனைக் கெடாமல் வைக்கத் தயாராகும் ஐஸ் குடிப்பதற்கானதல்ல. அது சாக்கில் சுற்றப்பட்டு, தரையில் இழுக்கப்பட்டு, கையால் உடைக்கப்பட்டு டம்ளருக்கு வருவதுதான் கொடுமை. உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் வெள்ளையாக இருப்பதாலேயே ஐஸ் நல்லதாகிவிடாது.

“வருஷக்கணக்கா குடிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே” என்பது வழக்கமான பதில். டைஃபாய்டு தலைகாட்ட ஒன்று முதல் மூன்று வாரம் பிடிக்கும்; ஹெபடைடிஸ் ஏ தெரிய 15 முதல் 50 நாள். அதற்குள் அந்த டம்ளரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? பழி நேற்றுச் சாப்பிட்ட பிரியாணியின் மேல் விழுகிறது.

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் செய்த ஐஸ் மட்டும் நம்பத்தக்கது. வீட்டு ஃபிரிட்ஜ் தட்டில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால், உறைவதும் அதே தண்ணீர்தான்.