குழாய்க்குப் பின்புறம்

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் போன் வந்தது. கல்யாண மண்டபம் ஒன்றில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிற பிள்ளை. "அண்ணே, பாட்டுப் போட்டாலே மைக் கூவுதுண்ணே. இது மூணாவது மைக். இதுவும் கூவுது" என்றது. சொல்லி முடிக்குமுன் அந்தப் பக்கம் ஒரு கூவல் கிளம்பியது. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன்.

"நாலாவது மைக் வாங்கிறாத தாயி, நான் வந்து பாக்குறேன்."

மறுநாள் போனேன். முகூர்த்தமில்லாத நாளில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிற வகுப்பு. தரை டைல்ஸ், சுவர் வெறும் பூச்சு, மேலே தகரம். மணமேடையின் இரண்டு ஓரத்திலும் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒவ்வொன்று. மேடைக்குக் கீழே ஆசிரியர். அவருக்கு எதிரே நாற்பது பேர். பெட்டி இரண்டும் அவருடைய பிடரியைப் பார்த்தபடி இருந்தன.

நான் எதையும் தொடவில்லை. ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வகுப்பு முழுவதையும் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் மைக் ஏழு முறை கூவியது, ஏழு முறையும் ஒரே இடத்தில். பாட்டு ஓடுகிற செல்போன் இடப்பக்கப் பெட்டியின் தலைமேல் இருந்தது. போனிலிருந்து மிக்சருக்கு வருகிற ஒயரின் நீளம் ஒன்றரை மீட்டர். அதனால் மிக்சர் பெட்டிக்கு ஒட்டினாற்போல ஒரு ஸ்டூலில், போன் பெட்டிமேல். பாட்டு மாற்ற வேண்டும் என்றால் ஆசிரியர் ஓடிவந்து குனிவார். குனியும்போது வாயோரத்து ஹெட்செட் மைக்குக்கும் ட்வீட்டருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. பத்து மீட்டர் ஒயரில் முடிகிற காரியத்துக்கு அந்தப் பிள்ளை மூன்று மைக் வாங்கியிருந்தது.

ஒலிபெருக்கிச் செட்டை அங்கே வைத்துக் கொடுத்தவர் நம் தொழில்காரர்தான், பெயர் வேண்டாம். வைத்த அன்று மேடையில் நின்று "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்லிப் பார்த்திருப்பார். கூவியிருக்காது. காசை வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். நானும் பல இடங்களில் அப்படிக் கிளம்பி வந்தவன்தான் என்பதால் குரலை உயர்த்தாமல் சொல்கிறேன்: உடற்பயிற்சி வகுப்புக்குச் செட் போடுகிறவர் முதல் வகுப்பு முடிகிறவரை கூட இருக்க வேண்டும். ஆசிரியர் எங்கே நடக்கிறார், எங்கே குனிகிறார், எந்த நேரத்தில் தரையில் படுக்கிறார் என்று பார்க்காமல் மிக்சரில் எதைத் திருகினாலும் அது குருட்டடி.

கூவல் எப்படி வருகிறது என்று நமக்குள் பாடம் எடுக்கத் தேவையில்லை. மைக்கில் போனது பெட்டியில் வருகிறது. பெட்டியில் வந்தது திரும்ப மைக்கில் விழுகிறது. ஒரு சுற்று சுற்றி வந்த ஒலி, போன சுற்றைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தால் தானாக அடங்கும். ஒரு மயிரிழை கூடியிருந்தாலும் ஏறிக்கொண்டே போய்க் கத்தும். டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் அப்சலான் லார்சன் (1871–1957) என்ற இயற்பியலாளர் இதை ஆராய்ந்ததால் லார்சன் விளைவு என்று பெயர். இந்தச் சுற்றைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறவை தூரமும் திசையும். மைக்கின் விலைக்கு இதில் பெரிய பங்கில்லை.

இது நம் அப்பன்மாருக்குக் கணக்குப் போடாமலே தெரிந்திருந்தது. கரிசல் கிராமத்தில் பொங்கல் சாட்டினால் குழாய் ஒலிபெருக்கி வேப்பமரத்து உச்சிக்குப் போகும், மைக் கீழே பந்தலுக்குள் இருக்கும். நாலு குழாய் கட்டினால் நாலும் நாலு திசையைப் பார்க்கும். நாலுக்கும் முதுகு பந்தலுக்கு. குழாயின் வாய்க்கு நேரே நின்றால் காது கிழியும், பின்னால் நின்று இரண்டு பேர் பேசிக்கொள்ளலாம். நான் மரமேறிக் கட்டிய காலத்தில் எங்க அப்பா எனக்குச் சொல்லித் தந்தது ஒரே விதி: "குழாய் பந்தலப் பாக்கக் கூடாதுடா." வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கும். ராஜபார்ட் மைக்குக்குக் கிட்டே வந்து பாடுவார், பாட்டு முடிந்தால் விலகிப் போவார். மைக் நின்ற இடத்தில் நின்றது, மனிதன்தான் இடம் பார்த்து வந்தான். யூனிட் எரிந்ததுண்டு, மழையில் ஆம்ப் நனைந்ததுண்டு. விடிய விடியக் கூவிய செட் என்று எங்கள் பக்கத்தில் எதுவும் பெயர் வாங்கியதில்லை.

இப்போது குழாய் மரத்திலிருந்து இறங்கிப் பெட்டியாகி அறைக்குள் வந்துவிட்டது. மைக் ஆசிரியரின் தலையில் ஏறி நடக்கவும் குதிக்கவும் தொடங்கிவிட்டது. கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம், 180 டிகிரியில், காது மந்தம். சூப்பர் கார்டியாய்டுக்கு அந்த மந்தமான இடம் 126 டிகிரியை ஒட்டி இருக்கும். ஸ்டாண்டில் நிற்கிற மைக்குக்கு இதைப் பார்த்துப் பெட்டியை வைக்கலாம். உடற்பயிற்சி ஆசிரியரோ ஒரு நிமிடம் வகுப்பைப் பார்ப்பார், அடுத்த நிமிடம் அடவைக் காட்ட முதுகைத் திருப்பிக்கொண்டு பெட்டியைப் பார்ப்பார். முகம் திரும்பினால் மைக்கும் திரும்பும். இதற்கு இருக்கிற வழி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் பெட்டிகளுக்குப் பின்னால் இருப்பதுதான். பெட்டிகளை மேடையிலிருந்து இறக்கி, அவர் நடமாடுகிற கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் முன்னே, இரண்டு பக்கச் சுவர் ஓரமாகத் தள்ளுங்கள். ஸ்டாண்டைத் தலைக்கு மேல் உயர்த்தி, பெட்டியின் முகத்தை நடுவரிசைக்குச் சாய்த்தால் முன்வரிசையின் காதும் தப்பும். பழைய குழாய் விதியேதான்.

அடுத்தது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். தூரம் பாதியானால் 6 டெசிபல் லாபம். துப்பட்டாவில் குத்திய காலர் மைக் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும். அதையே ஹெட்செட்டாக வாயோரம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் எட்டில் ஒரு பங்கு தூரம். 18 டெசிபல் சும்மா கிடைக்கிறது. பெட்டியை ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் வெட்டவெளியில் 6 டெசிபல்தான் கிடைக்கும், எதிரொலிக்கிற மண்டபத்தில் அதுவும் முழுசாகக் கிடைக்காது. ஹெட்செட்டின் கம்பி தளர்ந்து மைக் தாடைக்குக் கீழே தொங்குகிற வகுப்புகளை நிறையப் பார்க்கிறேன். அந்தக் கம்பியை விரலால் மேலே தூக்கிவிடுவதை ஆசிரியருக்குச் சொல்லித் தருவதும் நம் வேலைதான். மைக் சேனலில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பெண் குரலுக்கு 150 வரைகூடப் போகலாம். பஞ்சு உறை வியர்வையில் ஊறினால் வகுப்புக்கு வகுப்பு மாற்றச் சொல்லுங்கள். உதவி ஆசிரியருக்கென்று இன்னொரு மைக் திறந்து கிடந்தால் 3 டெசிபல் நட்டம்; பேசாத மைக்கின் ஃபேடர் கீழே இருக்கட்டும்.

மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் பார்த்தது உத்தேசமாக 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். 960 கன மீட்டர். தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்து 736 சதுர மீட்டர். அவ்வளவும் தன்மேல் விழுகிற ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை விழுங்குவதாக வைத்துக்கொண்டால் கிடைப்பது 22 சதுர மீட்டர். சபைன் சூத்திரத்தில் போட்டால் ஒலி அடங்க ஏழு விநாடி ஆகிறது. "இடது கால்" என்று சொன்னது அடங்குமுன் "வலது கால்" வந்து அதன்மேல் விழும். வாலஸ் சபைன் 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தின் எதிரொலியைச் சரிசெய்யப் போனவர். நாற்காலி மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி அளந்த மனிதர். ஒலியை விழுங்குவதற்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் திறந்த சன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது அல்லவா? ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் ஒரு சதுர மீட்டர் முழு விழுங்கி. அந்த மண்டபத்தில் சன்னலும் கதவுமாக 20 சதுர மீட்டர் தேறும். எல்லாம் சாத்திக் கிடந்தன. திறந்தால் ஏழு விநாடி நாலுக்குக் கீழே வரும். நாற்பது பேர் உள்ளே வந்து நின்றால் மூன்றுக்கும் கீழே இறங்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து நுரைப்பலகை ஒட்டச் சொல்லுமுன் கொக்கியைத் தள்ளிப் பாருங்கள்.

சன்னலைத் திறந்தால் பக்கத்து வீடு விழித்துக்கொள்ளும் என்பது நியாயமான பேச்சு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு, ஆனால் சன்னலை அகலத் திறந்துவிட்டு மூடிய அரங்கு என்று வாதாடுவது எடுபடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல், இரவுக்கு 45. ஐந்தரை மணி வகுப்பு கேட்டு வருகிறவர்களிடம் ஆறரைக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள். அதற்கும் அவர்கள் ஒப்பவில்லை என்றால் சன்னலைச் சாத்திப் பாட்டைக் குறைக்க வேண்டும். உண்மையில் எல்லாப் பாதையும் அங்கேதான் போய் நிற்கிறது.

பாட்டின் சத்தம். குரல் புரிய வேண்டுமானால் அது பாட்டுக்கு மேலே தெளிவாக நிற்க வேண்டும். பாட்டு ஏற ஏற மைக்கின் கெயினும் ஏறும். கெயின் ஏறினால் கூவலுக்கு மிச்சமிருந்த இடைவெளி கரையும். மைக் கூவுகிறது என்று வருகிற புகாரில் பாதி, பாட்டு அதிகம் என்பதன் வேறு பெயர். ஆசிரியர் பேசும்போது பாட்டு தானாக 6 டெசிபல் இறங்குகிற வசதி இப்போது சின்ன மிக்சர்களிலும் வருகிறது. வாங்கிய மிக்சரில் இருந்தும் அதைத் திறந்து காட்டாமல் வருகிறோம். காது இன்னொரு கணக்கு. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வேலையிடத்துக்கு வைத்த அளவு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் பதினைந்து நிமிடம். வகுப்புக்கு வருகிறவர் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். ஆசிரியர் நாளைக்கு நாலு வகுப்பு எடுக்கிறார், அதுவும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்குள்ளேயே காலம் கழித்தவர்களிடம் பேசிப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். அவர்களுக்கு அது பிழைப்பு. நாம் காசு வாங்கிக்கொண்டு ஒரு ஆசிரியரை அந்த நிலைக்குக் கொண்டுபோகலாமா?

இத்தனைக்கும் பதிலாகக் கூவலை அடக்குகிற கருவி ஒன்றை விற்றுவிட்டு வருவது நமக்குச் சுலபமாகிவிட்டது. கருவி வேண்டாம் என்பதல்ல. ஒலியியல் ஆராய்ச்சியாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1964இலேயே ஒலியை ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் நகர்த்திவிட்டால் கூவல் தள்ளிப்போகும் என்று எழுதினார். பேச்சுக்கு அது இன்றும் நன்றாக ஒத்துவரும். இன்று நாம் அதிகம் விற்பது, கூவுகிற அலைவரிசையைக் கண்டுபிடித்துக் கத்திமுனை அகலத்தில் வெட்டுகிற வகை. நம் ஊர் வெயிலில் இதற்கு ஒரு சங்கடம் உண்டு. காலையில் 25 டிகிரியில் ஒலி விநாடிக்கு 346 மீட்டர் போகும். பதினோரு மணிக்குத் தகரத்தின் கீழே 38 டிகிரி ஆனால் 354 மீட்டர். இரண்டேகால் விழுக்காடு கூடுதல். அறையின் சுற்றில் காலை 2,500 ஹெர்ட்ஸில் கூவிய இடம் 2,557ஐ ஒட்டி நகர்ந்து நிற்கும். காலையில் வெட்டி வைத்த குறுகிய வெட்டு அதே இடத்தில் சும்மா இருக்கும். கருவி புது வெட்டு போடும், மதியத்தில் இன்னொன்று போடும். சாயங்காலம் பார்த்தால் ஆசிரியரின் குரல் சல்லடையாகி, டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அப்போதும் மைக்கைத்தான் திட்டுவார்கள்.

மல்லாங்கிணற்றில் அன்றைக்கு ஆன செலவு ஒரு நீள ஒயர். பெட்டிகளை மேடையிலிருந்து இறக்கினோம். மிக்சரும் போனும் பெட்டிகளுக்குப் பின்னால் சுவர் ஓரத்து மேசைக்குப் போயின. சன்னல்களைத் திறந்தோம். தரையில் கோலமாவால் ஒரு கோடு இழுத்து, "இதுக்கு அங்கிட்டுப் போகாத தாயி" என்றேன். பழைய மூன்று மைக்கில் முதலில் வாங்கியதை மாட்டிப் பார்த்தோம். பாட்டு மாற்றப் போனார், வந்தார், சத்தமில்லை. இன்னொரு முறை போய் வந்தார். மூன்றாம் முறை வேண்டுமென்றே குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் மண்டபத்தில் கல்யாணம். கோலமாவு துடைத்துக் கழுவப்பட்டது, பெட்டிகளைப் பந்தல்காரர்கள் மறுபடி மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் அவரே இறக்கி வைத்துக் கோட்டையும் போட்டுக்கொண்டாராம், என் கோட்டுக்கு ஒரு அடி பின்னால். பின்வரிசையில் இரண்டு பேர் மட்டும் பாட்டுச் சத்தம் பத்தவில்லை என்று இன்னும் சொல்கிறார்களாம். முன்வரிசைக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு வர மாட்டேன் என்கிறார்களாம்.