பீலியர் ஏரிகளும் எங்கள் மௌனமும்

2016 டிசம்பரில் புல்டோசர்கள் பீலியர் ஈரநிலத்துக்குள் இறங்கியபோது, பெர்த் நகரத் தமிழர்களில் பலர் ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். பள்ளி விடுமுறை, மார்கழி, சொந்தக்காரர் கல்யாணம் என்று ஆயிரம் வேலை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் நாங்கள் பெர்த்தில்தான் இருந்தோம். அந்த ஈரநிலத்தைக் காக்க மறியல் நடந்த இடம் எங்களில் பலருடைய வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரம். தனித்தனியாகச் சிலர் போயிருக்கலாம். ஒரு சமூகமாக நாங்கள் போகவில்லை. ஒரு தீர்மானமாவது போட்டதாக எனக்கு நினைவில்லை.

பிரச்சினை ரோ நெடுஞ்சாலையின் எட்டாம் கட்டம். ஊரில் எல்லோருக்கும் அது 'ரோ 8'. ஃபிரிமேண்டில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்காக, குவினானா ஃப்ரீவேயிலிருந்து மேற்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் சாலை. 1963 நகரத் திட்ட வரைபடத்திலேயே கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கோடு பீலியர் ஈரநிலத்தின் பிப்ரா ஏரிக்கும் நார்த் லேக்குக்கும் நடுவே ஓடியது. நெடுஞ்சாலைக்குப் பெயர் தந்த ஜான் செப்டிமஸ் ரோ, மேற்கு ஆஸ்திரேலியக் காலனியின் முதல் தலைமை நில அளவையர். 1834இல் பிஞ்சாராவில், அந்த மண்ணின் பழங்குடிகளான நூங்கர் மக்களைச் சுட்டுக் கொன்ற படையோடு போனவர்களில் அவரும் ஒருவர். அவர் பெயர் தாங்கிய சாலைதான் நூங்கர் ஏரிகளுக்கு நடுவே வர இருந்தது. ரோ நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகையைக் கடந்து தினமும் வேலைக்குப் போன எங்களுக்கு, அவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

வஜுக் நூங்கர் மக்களுக்குப் பிப்ரா ஏரி வாலியாபப், நார்த் லேக் கூல்பெல்லப். ஆறுகளும் ஏரிகளும் வாகல் என்னும் மாபெரும் பாம்பு ஊர்ந்துபோன தடத்தில் உண்டானவை, அது இன்னும் நீருக்குள் இருந்து காவல் காக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. பெண்கள் பிள்ளை பெறப் போன கரைகள் இவை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கூட்டமாகத் தங்கி ஆமையும் பறவையும் பிடித்துச் சாப்பிட்ட இடங்கள். 1970களில் தோண்டிப் பார்த்தபோது கல்லாயுதங்கள் கிடைத்தன. கரையை ஒட்டிப் பேப்பர்பார்க் மரங்கள், மேட்டில் பாங்க்சியா காடு, அதில் இரை தேடி வரும் கார்னபி கருப்புக் காக்கட்டூக்கள். 1829இல் வெள்ளையர் குடியேறிய பிறகு ஸ்வான் கடலோரச் சமவெளியின் ஈரநிலங்களில் 70 சதவீதத்துக்கு மேல் தூர்க்கப்பட்டுவிட்டன. பீலியர் ஏரிச் சங்கிலி மிச்சமிருப்பவற்றில் ஒன்று.

இதெல்லாம் ரகசியம் இல்லை. ஏரிக்கரைத் தகவல் பலகைகளில் ஒரு பங்கு எழுதியிருக்கிறது. பிப்ரா ஏரிப் பூங்காவில் எத்தனை பிறந்தநாள் விழா நடத்தியிருக்கிறோம்! பிள்ளைகள் ஊஞ்சலாட, நாங்கள் பிரியாணிப் பாத்திரத்தைத் திறந்தோம்.

சட்டம் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் 1972ஆம் ஆண்டுப் பழங்குடி மரபுச் சட்டத்தில் 18ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. புனித இடத்தை அழிக்க அமைச்சரிடம் அனுமதி கேட்கும் வழி அது. ஏரிகளுக்குக் கேடு என்று சொல்லி முதலில் ரோ 8ஐ ஏற்காத, அமைச்சரின் ஆலோசனைக் குழு, 2015இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. அதே காலத்தில் புனித இடத்துக்கு ஒரு புதிய விளக்கமும் நடைமுறைக்கு வந்திருந்தது: அங்கே சமயச் சடங்கு நடக்க வேண்டும், கதையும் பாட்டும் நம்பிக்கையும் மட்டும் போதாது. அதை வைத்துப் பல இடங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. போர்ட் ஹெட்லண்ட் வழக்கில் நீதிபதி சேனி அந்த விளக்கம் தவறு என்று 2015இல் தீர்ப்பளித்தார்.

இந்த இடத்தில்தான் எங்கள் குற்றம் கனக்கிறது. கட்டடம் இல்லாத தெய்வம் எங்களுக்குப் புதிதா? வேப்பமரத்தடியில் ஒரு கல், கண்மாய்க் கரையில் அய்யனார், உள்ளே போய் ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாத கோயில்காடு. இவற்றோடு வளர்ந்தவர்கள் எங்களில் எத்தனையோ பேர். ஒரு கண்மாய்க்குக் காவல் தெய்வம் உண்டு என்று சொன்னால் எங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. நூங்கர் பெரியவர்கள் அதையேதான் சொன்னார்கள். இந்த நகரத்துக்கு வந்து குடியேறியவர்களில் அதை உடனே புரிந்துகொள்ளக் கூடியவர்கள் நாங்கள். நாங்களும் அதைப் போக்குவரத்துப் பிரச்சினையாகவே பார்த்தோம். லாரி நெரிசல் குறைந்தால் வேலைக்குப் போக எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று பேசினோம்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பையும் சாலையும் கட்டடமும் கொட்டியதற்கு என்ன விலை என்பதைத் தொலைபேசியில் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். நிதி திரட்டி அனுப்பினோம். அதே மாதம் பெர்த்தில், ரோ 8க்குச் சுற்றுச்சூழல் ஆணையம் கொடுத்த பரிந்துரை அதன் சொந்தக் கொள்கைகளையே கணக்கில் எடுக்கவில்லை, ஆகவே அனுமதி செல்லாது என்று தலைமை நீதிபதி வெய்ன் மார்ட்டின் தீர்ப்பளித்தார். ஒரே மாதத்தில் இரண்டு சதுப்புகள் செய்தியில் வந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் எவ்வளவு பேரால் முடிந்தது?

2016 ஜூலையில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. டிசம்பரில் மரங்கள் விழத் தொடங்கின. பாட்டிமார்கள் வேலியோரம் நின்றார்கள், இளைஞர்கள் இயந்திரங்களோடு தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள், பலர் கைதானார்கள். 2017 மார்ச் 11 தேர்தலில் ஆட்சி மாறியது, புதிய அரசு வேலையை நிறுத்தியது. அதற்குள் பாங்க்சியா காட்டின் குறுக்கே அகலமான மணல்பட்டை கிடந்தது. பின்னாளில் சாலைக்கான நில ஒதுக்கீட்டையே நீக்கச் சட்டம் வந்தது. அந்த வெற்றியில் எங்கள் பங்கு என்று சொல்ல ஒன்றுமில்லை.

பயம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தற்காலிக விசாவில் இருப்பவர் போலீஸ் குதிரைக்கு முன்னால் நிற்க முடியாது, அதை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் எங்களில் நிறையப் பேர் அப்போதே குடியுரிமை பெற்று, ஓட்டுப் போட்டு, வீடு வாங்கியிருந்தோம். 'நமக்கு எதுக்கு வம்பு' என்ற பேச்சு அவர்கள் வாயிலிருந்துதான் அதிகம் வந்தது.

மாண்டோகலப்பில் எங்கள் பாலமுருகன் கோயில் இருக்கிறது. அதே வட்டாரத்தில்தான் பீலியர் சங்கிலியின் ஈரநிலமான ஸ்பெக்டகிள்ஸ் இருக்கிறது. இந்த நகரத்தில் கோயில் கட்ட நிலத் திட்டம், கவுன்சில் அனுமதி, ஆட்சேபனைக் காலம் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட சமூகம் நாங்கள். கருத்துக் கடிதம் எப்படி எழுதுவது என்று எங்களுக்குத் தெரியும். வாலியாபப்புக்காக அந்தக் கடிதத்தை நாங்கள் எழுதவில்லை.

அத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. 2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் ஜூகான் கோர்ஜில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய தடயம் கொண்ட குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. அதற்கும் 18ஆம் பிரிவின் அனுமதி இருந்தது. அதன் பிறகு வந்த புதிய மரபுச் சட்டம் 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. கொல்லையில் குழி தோண்டவே அனுமதி வேண்டுமாம் என்ற வதந்தி வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியபோது, நாங்களும் அதை முன்னனுப்பினோம். 1,100 சதுர மீட்டருக்குக் குறைந்த வீட்டு மனைகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. எங்கள் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். யாரும் சரிபார்க்கவில்லை. ஆகஸ்டிலேயே அரசு பின்வாங்கி, பழைய சட்டத்தைத் திருத்தங்களோடு திரும்பக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. 18ஆம் பிரிவு இன்றும் இருக்கிறது.

பீலியர் ஏரிகளின் நீரோ ஜண்டகோட் நிலத்தடி நீர்மேட்டிலிருந்து வருவது. மழை குறைந்துகொண்டே போகிறது. எங்கள் தோட்டத்து போர் பம்புகளும் நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சுகின்றன. வசந்தத்தில் முட்டையிடக் கரையேறும் நீள்கழுத்து ஆமைகள் பிப்ரா ஏரிச் சாலைகளில் கார்களில் அடிபடுகின்றன. அவற்றைச் சாலை கடத்திவிடத் தன்னார்வலர்கள் நிற்கிறார்கள். ரோ 8 விட்டுப்போன மணல்பட்டையில் கன்று நடவும் ஆட்கள் வருகிறார்கள்.

பொங்கல் விழாவுக்கு நூங்கர் பெரியவர்களை நாங்கள் அழைப்பதுண்டு. வரவேற்புரைக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவைப்போம். உங்கள் ஏரிக்கு எங்களால் ஆவது என்ன என்று மட்டும் இதுவரை அவர்களைக் கேட்டதில்லை.