கண்ணை விற்றுச் சித்திரமா?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை இரும்புத்தொழில் பெருகியிருப்பது யாவரும் அறிந்ததே. அத்தொழிலின் உயிர்நாடி வெல்டிங். அதைச் செய்யும் ஏழையின் கண்ணைப் பற்றிக் கவலைப்படுவோர் எவர்?

இயந்திரத்தை வாங்கிவைத்த மாத்திரத்தில் தொழில் அமைந்துவிடாது. எர்த்து கம்பியைச் சுத்தமான இரும்பில் இறுகப் பிணைத்தல், ராடின் பருமனுக்கேற்ப ஆம்பியரை வைத்தல், கடலோர ஈரம் ஏறிய ராடை உலர்த்துதல், டிக் வெல்டிங்கில் ஆர்கான் வாயுவைக் கடற்காற்று கலைக்காதவாறு மறைப்புக் கட்டுதல் ஆகிய யாவும் முறையாகக் கற்பிக்க வேண்டிய வித்தைகள். கறுப்புக் கண்ணாடியின்றி வேலை செய்தவனுக்கு அன்றிரவே கண்ணில் மணல் கொட்டியது போன்ற வேதனை. வெல்டிங் புகை புற்றுநோய் விளைப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2017-இல் தீர்மானித்தது.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு கண் பாதுகாப்பை விதித்தது. ஆயினும் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகள் பொதுவாக அதன் எல்லைக்குப் புறத்தேயே நின்றன. சட்டம் ஆளைக் கணக்கெடுக்கும், நெருப்புப்பொறி கணக்கெடுப்பதில்லையே!

அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் படிப்பு ஓராண்டே. பட்டறை இளைஞர்களுக்கு அதனை மாலை வகுப்பாகச் சர்க்கார் நடத்துக. முகக்கவசத்தைக் கூலிக்கு இணையான கோரிக்கையாகச் சங்கங்கள் எழுப்புக. தொழிலாளியின் கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது தேசாபிமானமாகாது.