ஏஜென்ட் இல்லாத கார்

லீஃப் வைத்திருக்கிற நாலு பேர் ஒரு இடத்தில சந்தித்தால் கதை மூண்டு விசயத்தைத்தான் சுத்தும். எத்தினை பார் மிஞ்சியிருக்கு, ஒரு சார்ஜில எவ்வளவு தூரம் ஓடுது, பற்றரி எங்க மாத்தலாம். இந்தக் காருக்கு ஆர் பொறுப்பு எண்டு மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டாலும் "ஏஜென்ட்டிட்டப் போய்க் கேட்டனான், அவங்கள் தொடவும் மாட்டாங்களாம்" என்ற ஒரு பெருமூச்சோடு கதை முடிந்துவிடும். எங்களுக்கு அந்தப் பெருமூச்சு போதும் போதும் எண்டாகிவிட்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். நிசான் லீஃப் 2010 டிசம்பரில் யப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த மின்சாரக் கார். முதலில் வந்ததன் பற்றரி 24 கிலோவாட் மணி. பிறகு 30 வந்தது, 2017இல் புது உருவத்தில் 40 வந்தது. எங்கட றோட்டில நீங்கள் காணுகிற, தவளைக் கண் மாதிரி லைற் துருத்திக்கொண்டு நிக்கிறது அந்த முதல் ரகம். 2015இல் மின்சாரக் காருக்கு வரி குறைவாக இருந்தபோது யப்பானில் ஓடி முடித்த கார்கள் கப்பல் கப்பலாக இஞ்ச வந்து இறங்கின. அந்த வருசக் கடைசியில் வந்த வரவுசெலவுத் திட்டம் வரியைத் தூக்கியது. ஆக, ஒரு வருசம் "வாங்குங்கோ, சூழலுக்கு நல்லது" எண்டு கதவைத் திறந்தார்கள், அடுத்த வருசம் அதே கதவைச் சாத்தினார்கள். உள்ளே வந்துவிட்ட கார்களுக்கு என்ன நடக்கும் எண்டு திறந்தபோதும் யோசிக்கவில்லை, சாத்தினபோதும் யோசிக்கவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிண்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரைக்கும் அந்தத் தடை நீடித்தது. நடுவில் 2022 வந்தது. பெற்றோல் செற்றில இரவிரவாக வரிசையில் நிண்ட சனம், சத்தமில்லாமல் பக்கத்தால் போன லீஃபைப் பார்த்துப் பொறாமைப்பட்டது உண்மை. வீட்டில பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் அதே லீஃப்காரர் என்ன செய்தார் எண்டு ஒருவரும் கேட்கவில்லை, அது வேற கதை. எப்படியோ, ஒரு மூலையில் கிடந்த கார் திடீரெண்டு மவுசுக்கு வந்தது. மவுசு வந்ததும் கார் சேல்காரருக்கும் மூளை வந்தது.

லீஃபின் டாஷ்போட்டில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்ட 12 சின்னக் கோடுகள் உண்டு. அதுதான் "பார்". முதல் கோடு விழுவதற்கே கொள்ளளவில் 15 சதவீதம் போகவேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆறு சதவீதம் சொச்சம். எட்டுப் பார் நிக்கிற கார் எண்டால் மூன்றில் ஒரு பங்கு பற்றரி செத்துவிட்டது எண்டு அர்த்தம். புதுசில் நூற்றிருபது கிலோமீற்றர் ஓடின கார், ஏசி போட்டால் எழுபதைத் தாண்டாது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பலாம். கிளிநொச்சிக்குப் போகலாம், திரும்பி வாறதெண்டால் அங்கயே எங்கயாவது பிளக் தேடவேணும். வவுனியாவை மறந்துவிடுங்கோ.

இந்தக் கோடுகளைப் பற்றரிக் கணினியில் றீசெற் பண்ணினால் எல்லாம் திரும்ப எரியும். சில கிழமைக்குப் பிறகு கணினி தானாகவே உண்மையைக் கண்டுபிடித்து ஒவ்வொண்டாக அணைக்கும். அதற்குள் கார் கைமாறிவிடும். எங்களில் ஒருவரின் வீட்டில் பதினொரு பாரோடு வாங்கிய கார் இரண்டாம் மாதம் எட்டுக்கு வந்து நிண்டது. வித்தவர் சொன்னது: "வெயில் தம்பி, யாழ்ப்பாண வெயில்."

வெயில் பொய் இல்லை. அதுதான் எரிச்சல். லீஃபின் பற்றரிக்குத் தண்ணிக் குளிரூட்டலும் இல்லை, காத்து ஊதுகிற விசிறியும் இல்லை. இரும்புப் பெட்டிக்குள் அடைத்துக் காருக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சூடு கூடிய இடத்தில் லித்தியம் பற்றரி வேகமாகக் கிழடாகும். இது நிசானுக்குத் தெரியாத இரகசியமல்ல. 2012இலேயே அமெரிக்காவின் அரிசோனாவில், பாலைவனச் சூட்டில் ஓடின லீஃப்களின் பார்கள் விழத் தொடங்கின. அங்கத்தைய ஆக்கள் என்ன செய்தார்கள்? தங்கட கார்களை ஒண்டாகக் கொண்டுவந்து, ஓட்டி, அளந்து, எழுதிவைத்து, கம்பனியின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். வழக்கும் போட்டார்கள். ஐந்து வருசத்துக்குள் ஒன்பது பாருக்குக் கீழே போனால் கம்பனி சரிசெய்து தரும் என்ற உத்தரவாதம் அப்படித்தான் பிறந்தது. நியூசிலாந்தில் இன்னொரு கூட்டம். எங்களைப்போலவே யப்பானின் பழைய லீஃப்களில் ஓடுகிற நாடு அது. அங்கே உரிமையாளர்கள் மாதாமாதம் தங்கட காரின் எண்களை ஒரு இடத்தில் சேர்த்தார்கள். 30 கிலோவாட் ரகம் சந்தேகத்துக்கிடமான வேகத்தில் தேய்கிறதாகக் காட்டுது எண்டு 2018இல் வெளியில் சொன்னார்கள். தேடிப் பார்த்ததில் பற்றரி நினைத்த அளவுக்குத் தேயவில்லை, கணக்குப் பார்க்கிற மென்பொருளில்தான் பிழை எண்டு தெரியவந்தது. நிசான் அதைத் திருத்திக் கொடுத்தது.

நாங்கள் என்ன செய்கிறோம்? யாருடைய லீஃப் எவ்வளவுக்குப் போனது எண்டு கதைக்கிறோம்.

இஞ்ச ஏஜென்ட்மார் சொல்லுகிற நியாயம் ஒண்டு உண்டு, அதையும் வைக்கவேணும். "நாங்கள் இந்தக் காரை விக்கவில்லை. ஏலத்தில எடுத்துக்கொண்டு வந்தவன் ஆரோ. அவன்ர காருக்கு நாங்கள் ஏன் உத்தரவாதம் தரவேணும்?" சரி. இலவசமாக ஒண்டும் தரவேண்டாம். காசு தாறம், சாமானை வித்துத் தாங்கோ எண்டுதான் கேட்கிறோம். 2018இல் யப்பானில் 24 கிலோவாட் லீஃபுக்குப் புதுப் பற்றரி 650,000 யென். புக்குஷிமாவின் நமியே என்ற ஊரில் பழைய பற்றரிகளைப் பிரித்து, நல்ல பகுதிகளைச் சேர்த்துத் திரும்பவும் கட்டுகிற தொழிற்சாலை அந்த வருசம்தான் திறந்தது. அதில் செய்ததின் விலை 300,000 யென். அதாவது இந்தக் காருக்கு இரண்டாம் பிறப்பு கொடுக்கலாம் எண்டு கம்பனியே செய்து காட்டிவிட்டது. அதே கம்பனியின் பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறவர்கள் "உது எங்கட கார் இல்லை" எண்டால், பெயர்ப்பலகை என்னத்துக்கு? பெருமைக்கு மட்டுமோ?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்கு எங்களுக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது எண்டு நினைக்கிறோம். ஒஸ்ரின் சோமசெற், மொறிஸ் மைனர் எல்லாம் ஏஜென்ட்டைக் கண்டு எத்தினை வருசம்? பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் துளிக்கணக்கில் எண்ணப்பட்ட நாட்களில், அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஆனால் அந்தக் கதையை எடுத்துவிட்டு "எங்கட மெக்கானிக்மார் எதையும் சமாளிப்பாங்கள்" எண்டு நெஞ்சை நிமிர்த்துகிற ஆக்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. சோமசெற்றின் காபரேற்றரைக் கழற்றிப் பார்த்தால் அது என்ன செய்கிறது எண்டு கண்ணுக்குத் தெரியும். லீஃபின் பெட்டிக்குள் 48 மொடியூல் இருக்கிறது, நானூறு வோல்ற்றுக்குக் கிட்ட மின் அழுத்தம் இருக்கிறது. ஒரு மொடியூல் பலவீனமானால் மிச்சம் நாப்பத்தேழும் நல்லா இருந்தும் பிரயோசனமில்லை. எந்த மொடியூல் எண்டு கண்டுபிடிக்கக் கருவி வேணும், கழற்றக் காப்பிட்ட சாவியும் கையுறையும் வேணும், அதுக்கு முதல் படிப்பு வேணும். அது இல்லாமல் கை வைக்கிற பெடியன் செத்துப்போவான். கொழும்புப் பக்கம் பற்றரி திறந்து மொடியூல் மாத்துகிற சின்னக் கராஜ்கள் இருக்கின்றன. அந்த ஆக்கள் தாங்களாகவே தேடிப் படித்தவர்கள். அந்தத் துணிச்சலை மதிக்கிறோம். ஆனால் ஒரு நாடு துணிச்சலை நம்பிக் கார் இறக்குமதி செய்யக்கூடாது.

இப்ப திரும்பவும் கதவு திறந்திருக்கிறது. பீவைடி முதற்கொண்டு சீனத்துக் கார்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஏஜென்ட் இருக்கிறார்கள், உத்தரவாதம் இருக்கிறது, ஆகவே பழைய பிரச்சினை முடிந்தது எண்டு பலர் நினைக்கிறார்கள். உத்தரவாதம் முடிகிற நாளில் அந்தக் காரும் இரண்டாம் கைக்குப் போகும். இரண்டாம் கை எண்டால் யார்? புதுசு வாங்க ஏலாத நாங்கள்தான். அதோடு லீஃபின் விரைவு சார்ஜ் முனை யப்பானின் சாடெமோ. புதுசாக வாறவை வேற முனைகளோடு வருகின்றன. நாளைக்கு றோட்டோரச் சார்ஜரில் லீஃபுக்கு வயர் இல்லாமல் போனாலும் அது எங்கட தலையெழுத்து எண்டுதான் சொல்லுவார்கள்.

பெற்றோல் காருக்கு வருசா வருசம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிற அரசாங்கத்துக்கு, மின்சாரக் கார் கைமாறும்போது பற்றரிச் சான்றிதழ் கேட்பது ஒரு பெரிய வேலையில்லை. துறைமுகத்தில் இறங்கும்போது ஒரு அளவீடு, பெயர் மாற்றும்போது ஒரு அளவீடு. றீசெற் வியாபாரம் அதோடு படுத்துவிடும். இந்த நாட்டில் ஒரு கம்பனியின் பெயரில் கார் விற்கிறவர், அந்தக் கம்பனியின் எந்தக் காருக்கும் சாமானும் பழுதறியும் தகவலும் நியாய விலைக்குக் கொடுக்கவேண்டும் எண்டு சட்டம் வரவேணும். நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் 2003இல் வந்தது, மின்சாரக் கார் இஞ்ச வருவதற்கு முந்தி. தொழில்நுட்பக் கல்லூரிகளில் உயர் மின்னழுத்த வேலையைத் தமிழிலும் சிங்களத்திலும் படிப்பிக்கவேணும். செத்த பற்றரிகள் ஆருடைய வளவுக்குள் போய்க் கிடக்கப்போகுது என்ற கேள்விக்கும் பதில் வேணும்.

இதையெல்லாம் கேட்கிறதுக்கு எங்கட கையில் எண்கள் வேணும். லீஃப் வைத்திருக்கிற வாசகர்களிடம் ஒரு வேலை தருகிறோம். சின்ன ஓபிடி டொங்கிள் ஒண்டும் லீஃப் ஸ்பை என்ற செயலியும் போதும். டொங்கிள் இல்லாதவர்கள் இருக்கிறவரிடம் வாங்கிச் செருகுங்கோ, ஐஞ்சு நிமிச வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு காலமை, சார்ஜ் நிறைந்தவுடன், நாலு எண்ணைக் குறித்து அனுப்புங்கோ: காரின் தயாரிப்பு ஆண்டு, ஓடின கிலோமீற்றர், பற்றரியின் ஆரோக்கிய சதவீதம், மிஞ்சியிருக்கிற பார். வாங்கும்போது எத்தினை பார் இருந்தது எண்டு நினைவிருந்தால் அதையும் சேருங்கோ. பெயரும் இலக்கத் தகடும் எங்களுக்கு வேண்டாம்.