பணம் வரும் முன்னே வரி

சின்னக்கானலிலும் சூரியநெல்லியிலும் பற்று நோட்டு இல்லாத கடையைக் காண்பது அரிது. தேயிலைத் தோட்டத் தொழிலாளி சம்பள நாளில் கணக்குத் தீர்க்கிறார். ஏல விவசாயி காய் எடுத்து, உலர்த்தி, விற்ற பிறகுதான் குழாய்க்கும் மோட்டாருக்கும் பணம் தருகிறார். ரிசார்ட்காரர் எப்போது தருவார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் சரக்கு சேவை வரிச் சட்டம் பற்று நோட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பில் போட்டாயா, வரியைக் கட்டு என்கிறது. பணம் கைக்கு வந்ததா என்று கேட்பதில்லை. கட்டத் தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

இது புதிய வழக்கமும் அல்ல. 1956-ஆம் ஆண்டு மத்திய விற்பனை வரிச் சட்டமே ரொக்கத்துக்குக் கொடுத்தாலும், பின்னர் பணம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் கொடுத்தாலும் விற்பனைதான் என்று வகுத்துவிட்டது. சேவை வரி மட்டும் வேறு வழியில் போயிற்று. 1994-இல் வந்த அந்த வரியை 2011 வரை பணம் வந்த பிறகு கட்டினால் போதும். 2011-இல் பில் முறைக்கு மாற்றினார்கள். ஆயினும் சிறியவர்களின் சிரமத்தை உணர்ந்து, 2012 ஏப்ரல் முதல், முந்தைய ஆண்டில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத தனிநபர்களுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் ரொக்க முறையைத் திரும்பக் கொடுத்தார்கள். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு சேவை வரி வந்தபோது அந்தச் சலுகையும் போயிற்று. கொடுத்துப் பார்த்து நடந்துகொண்டிருந்த ஒன்றை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

சுமை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குழாய்க் கடைக்காரர் ஒருவர் 85,000 ரூபாய்க்கு வாங்கிய சரக்கை ஒரு லட்சத்துக்குக் கடனாக விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதத்தில் அவர் காட்ட வேண்டிய வரி 18,000. வாங்கும்போது கொடுத்த 15,300-ஐக் கழித்தால் அரசுக்கு 2,700 கட்டினால் போதும். அவரும் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு வாங்கியிருந்தால் பெரிய வலி இல்லை. ரொக்கத்துக்கு வாங்கியிருந்தால் 18,000 ரூபாயும் அவர் கைப்பணம்தான். வெல்டிங் பட்டறைக்காரர், ஜெனரேட்டர் பழுது பார்ப்பவர் நிலை இதைவிட மோசம். அவர்கள் விற்பது உழைப்பை. கழித்துக்கொள்ள வரி ஏதும் பெரிதாக இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வேலைக்கு ஏறக்குறைய முழு 18,000 ரூபாயையும் முன்னால் எடுத்து வைக்க வேண்டும்.

கடன் வராமலே போனால்? வருமான வரியில் வாராக் கடனைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. சரக்கு சேவை வரியில் அது கிடையாது. சரக்கு திரும்பி வந்தாலோ, குறை இருந்தாலோ, விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தாலோதான் வரவுச் சீட்டு கொடுத்து வரியைக் குறைக்கலாம். வாங்கியவர் ஏமாற்றினார் என்பது காரணமாகாது. இதில் வேடிக்கை, வாங்கியவர் பதிவு பெற்ற வியாபாரியாக இருந்து 180 நாளில் பணம் தராவிட்டால், அவர் எடுத்த வரி வரவை வட்டியுடன் அரசு திரும்ப வாங்கிக்கொள்கிறது. விற்றவர் கட்டிய வரியும் அரசிடமே இருக்கிறது. (யானை புகுந்து சரக்கை அழித்தாலும், அந்தச் சரக்குக்கு எடுத்த வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அரிக்கொம்பன் உலவிய ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.)

விற்றவர் வரி கட்டும் முன்பே வாங்கியவர் வரவு எடுத்துக்கொண்டால் கஜானாவுக்கு நஷ்டம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் மலைக்கடையில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்தர்களும் விவசாயிகளும். அவர்கள் வரவே எடுப்பதில்லை. எடுப்பவர்களுக்கும் பணம் கொடுத்த பிறகே வரவு என்று விதித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பிரிட்டனில் 1987 முதல் சிறு வியாபாரிகளுக்கு ரொக்க முறை இருக்கிறது. ஆண்டு விற்பனை 13.5 லட்சம் பவுன் வரை அதில் சேரலாம். அங்கே சேருபவர் தாம் வாங்கிய சரக்குக்கும் பணம் கொடுத்த பிறகுதான் வரவு எடுக்க முடியும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் சமன் செய்யும் ஏற்பாடு. ஆஸ்திரேலியாவிலும் ஒரு கோடி டாலருக்குட்பட்ட சிறு தொழில்களுக்கு இம்முறை உண்டு. 2012-இல் தந்த 50 லட்சம் வரம்பையாவது சரக்குக்கும் சேர்த்து மீண்டும் கொடுக்கலாம். வரிக் கவுன்சிலில் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருக்கிறது. கேரளமும் தமிழகமும் சேர்ந்து எழுப்பத்தக்க கோரிக்கை இது.

அதுவரை கணக்கு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், தவணையாகப் பணம் தருவதாக ஒப்பந்தம் செய்த சேவைக்கு, தவணைத் தேதியில் பில் போட்டால் போதும். ஒப்பந்தத்திலிருந்து தேதியை அறிய முடியாவிட்டால் பணம் வரும்போது போடலாம். ரிசார்ட்டுக்கு ஆண்டு முழுதும் பழுது பார்ப்பவர் வாய்ப்பேச்சை விட்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டால், ரொக்க முறைக்கு வெகு அருகில் வந்துவிடுகிறார். மற்றச் சேவைகளுக்கு வேலை முடிந்து 30 நாளுக்குள் பில் போட்டாக வேண்டும்; அதைத் தள்ளிப்போட்டால் வேலை முடிந்த நாளிலிருந்தே வரி.

கடைக்காரர்களுக்கு இருப்பது கம்போசிஷன் திட்டம். ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்பவர் ஒரு சதவீதம் கட்டினால் போதும்; கடன் விற்பனைக்கும் அதே வரிதான், ஆனால் லட்சத்துக்கு ஆயிரத்தோடு போகும். வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது, வரவும் எடுக்க முடியாது. எல்லையோர ஊருக்கு இன்னொரு கட்டும் உண்டு. போடியிலிருந்து சரக்கு வாங்கலாம். போடிமெட்டைத் தாண்டித் தேனிக்கு அனுப்பி விற்கக் கூடாது. ஏற்கெனவே பதிவு பெற்றவர் இத்திட்டத்துக்கு மாற, வரும் நிதியாண்டுக்கு மார்ச் 31-க்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும்.