பீப்பாய்க்கும் பதிவு வேண்டும்

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 2025-இல் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. எஸ்ஆர்-13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வகம் விரைந்து கண்டறிந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 சதவீதம்தான். பாட்டிலில் ஊற்றும் முன்பே ஆலை கண்டுபிடித்திருக்க வேண்டிய விஷயம் இது. நெஞ்சு பொறுக்கவில்லை.

இந்த நச்சு கலந்து வரக்கூடிய கரைப்பானான புரோப்பிலீன் கிளைக்காலின் பீப்பாய் ஆலைக்குள் நுழைந்ததுமே, விற்றவர் யார், பீப்பாய் எண் என்ன, சோதனை முடிவு என்ன என்பதெல்லாம் கணினியில் ஏற வேண்டும். முடிவு வராத பீப்பாயைக் கலவைத் தொட்டிக்கு எடுக்கவே கணினி விடக்கூடாது. காகிதப் பதிவேட்டில் பின்தேதியிட்டு எழுதிவிடலாம். ஒழுங்காக அமைத்த கணினிப் பதிவில், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாது.

2023 ஆகஸ்டு முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு க்யூஆர் குறியீடு கட்டாயம். அது தொகுதி எண்ணைச் சொல்லும். உள்ளே போன கரைப்பான் சோதிக்கப்பட்டதா என்பதைச் சொல்லாது.

சிறு ஆலைகளுக்குச் செலவு கட்டுப்படியாகாது என்கிறார்கள். அப்படியானால் மென்பொருளை அரசே மலிவாகத் தரட்டும். சோதனைப் பதிவு இல்லாத எந்தத் தொகுதியும் ஆலை வாசலைத் தாண்டக்கூடாது என்பதை மாநில அரசு உடனே உரிம நிபந்தனையாக்க வேண்டும்.